வலி குறைந்த பிறகும் மாதாமாதம் கைரோபிராக்டிக் போக வேண்டுமா?

கேள்வி இதுதான். அப்பாவுக்கு 52 வயது, சேலம் செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. பல வருடமாக இடுப்பு வலி வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. கையால் முதுகு மூட்டுகளைச் சொடுக்கெடுக்கும் கைரோபிராக்டிக் சிகிச்சைக்குப் போனதில் நாலைந்து அமர்விலேயே நன்றாகக் குறைந்துவிட்டது. இப்போது அங்கே, "இனி மாதம் ஒருமுறை வந்துகொண்டே இருக்க வேண்டும், விட்டால் எலும்பு மறுபடி விலகிவிடும், ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் சலுகை" என்கிறார்களாம். கட்டலாமா?

மொத்தமாகக் கட்ட வேண்டாம். ஆனால் போவதையே நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். வந்து வந்து போகும் இடுப்பு வலி உள்ளவர்களில், முதல் சில அமர்வுகளிலேயே நல்ல பலன் கண்டவர்களுக்கு, இடைவெளி விட்டுத் தொடரும் சிகிச்சையால் ஓரளவு பயன் உண்டு. அப்பா அந்த வகையில்தான் வருகிறார். அந்தப் பயன் எவ்வளவு, எதற்கு மட்டும் என்று தெரிந்துகொண்டு போனால் காசு வீணாகாது.

முதலில் இந்த "எலும்பு விலகிவிடும்" பேச்சை ஒதுக்கி வையுங்கள். அப்பாவை அது பயமுறுத்தும், பயந்தவர் குனியவே அஞ்சுவார், அதனாலேயே முதுகு இன்னும் இறுகும். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, முதுகெலும்பு இம்மியளவு இடம் பெயர்ந்து நரம்பை அழுத்துவதுதான் பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் கைரோபிராக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் மன்றமே 2010-இல், இது ஒரு வரலாற்றுக் கருத்து, இன்னும் வெறும் கோட்பாடுதான், நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று எழுத்தில் சொல்லிவிட்டது. அப்பாவின் இடுப்பு எலும்பு விலகவும் இல்லை, யாரும் அதை உள்ளே தள்ளவும் இல்லை.

அப்படியானால் சிகிச்சையின்போது முதுகில் வரும் அந்த 'டக்' சத்தம்? முதுகெலும்பின் ஒவ்வொரு அடுக்கிலும் பின்பக்கத்தில் இடமும் வலமுமாகச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் வழவழப்பான திரவம். அந்த மூட்டைக் கையால் வேகமாக ஒரு தள்ளு தள்ளும்போது உள்ளே அழுத்தம் சட்டென்று இறங்கி வாயுக்குமிழி உண்டாகிறது. அதுதான் சத்தம். 2015-இல் விரல் மூட்டை இழுத்துச் சொடுக்கெடுக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்து இதைக் காட்டினார்கள். ஒரு மூட்டு சொடுக்கிய பிறகு சுமார் இருபது நிமிடத்துக்கு மறுபடி சொடுக்காது. சத்தம் வந்தால்தான் குணம் என்பதும் இல்லை. அந்த வேகமான அசைவு சுற்றியுள்ள தசைகளின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, நரம்பு மண்டலம் வலியை உணரும் கூர்மையைக் கொஞ்சம் தணிக்கிறது. பலன் சில மணி நேரமோ சில நாளோ நிற்கும். அந்த நேரத்தில் அப்பா நடந்து, நிமிர்ந்து, முதுகை வலுப்படுத்திக்கொண்டால் சிகிச்சை பிடித்து நிற்கும். படுக்கையிலிருந்து இறங்கி நேராகப் பட்டறைக்குப் போய் எட்டு மணி நேரம் கூன் போட்டு உட்கார்ந்தால் அடுத்த மாதம் அதே இடத்துக்குத்தான் திரும்புவார்.

இப்படி இடைவெளி விட்டுத் தொடரும் பராமரிப்புச் சிகிச்சை பற்றிக் கையில் இருக்கும் நல்ல ஆய்வு ஸ்வீடனில் நடந்து 2018-இல் வெளியானது. அடிக்கடி இடுப்பு வலி வரும் 328 பேர், எல்லோருமே முதல் சிகிச்சையில் பலன் கண்டவர்கள். ஒரு பாதிப் பேரை, வலி இருக்கோ இல்லையோ ஒன்று முதல் மூன்று மாத இடைவெளியில், அவரவர் நிலையைப் பார்த்து வரச் சொன்னார்கள். மறு பாதியை வலி வந்தால் மட்டும் வரச் சொன்னார்கள். வாரம் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, போன வாரம் எத்தனை நாள் வலி தொந்தரவு கொடுத்தது என்று ஒரு வருடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வலி வந்தபோது மட்டும் போனவர்களுக்கு வருடத்தில் சுமார் 98 நாள் தொந்தரவு. தொடர்ந்து போனவர்களுக்கு சுமார் 85 நாள். ஆக 13 நாள் குறைவு. இதற்காக அவர்கள் கூடுதலாகப் போனது சராசரியாக இரண்டு அமர்வுகூட இல்லை: வருடத்துக்கு 6.7, மற்றவர்கள் 4.8.

இந்த எண்களை அந்த வருடாந்தத் திட்டத்தோடு வைத்துப் பாருங்கள். மாதம் ஒன்று என்றால் வருடத்துக்கு 12 அமர்வு. ஆய்வில் பலன் கண்டவர்கள் போனதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 12 தடவை போனால் 13 நாள் 26 நாளாகும் என்பதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. கட்டணத்தைச் சலுகையோடு கணக்குப் போட்டாலும், ஆறேழு தடவை தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிகமாகத்தான் வரும்.

அதே ஆட்களின் விவரத்தை மறுபடி அலசியதில் இன்னொன்றும் தெரிந்தது. வலி வாழ்க்கையையே பிடித்து ஆட்டுகிறவர்களுக்கு, அதாவது மனதும் சோர்ந்து, வேலையும் விசேஷமும் கெட்டு, "இனி நம்மால் ஒன்றும் முடியாது" என்ற நிலையில் இருந்தவர்களுக்கு, 30 நாள் வரை குறைந்தது. வலி இருந்தாலும் சமாளித்து இயல்பாக இருப்பவர்களுக்குப் பலனே இல்லை. அப்பா இதில் எந்தப் பக்கம் என்று வீட்டில் இருக்கும் உங்களுக்குத்தான் தெரியும். கல்யாணம் காதுகுத்துக்குப் பஸ்ஸில் போகவே தயங்குகிறாரா, குனிந்து செருப்பு மாட்டவே யோசிக்கிறாரா? அப்படியென்றால் தொடர்வதில் நியாயம் இருக்கிறது. வலித்தால் தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் பட்டறைக்குப் போகிற ஆள் என்றால், வலி வரும்போது மட்டும் போனால் போதும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இந்த ஆய்வு இடுப்பு வலிக்கு மட்டும். நோய் எதிர்ப்புச் சக்தி கூடும், சர்க்கரை இறங்கும், ரத்த அழுத்தம் சரியாகும், வலியே இல்லாத குழந்தைக்கும் மாதாமாதம் பார்த்தால் பிற்காலத்துக்கு நல்லது என்று சொல்லி விற்பவர்களுக்கு இதில் ஒரு வரிகூட ஆதரவு கிடையாது. அதை நம்பி அப்பா பி.பி. மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டில் நீங்களே முடிவு செய்ய ஒரு வழி இருக்கிறது. தினசரி காலண்டரில் ஒவ்வொரு ஞாயிறு ராத்திரியும் ஒரு எண் எழுதச் சொல்லுங்கள்: இந்த வாரம் எத்தனை நாள் வலி வேலையைக் கெடுத்தது, 0 முதல் 7 வரை. அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல் ஒரு கவரில் சேர்த்து வையுங்கள். அடுத்த அமர்வை ஆறு வாரம் கழித்து வையுங்கள், அதற்கடுத்தது எட்டு வாரம், பிறகு பன்னிரண்டு. எண் ஏறவில்லை என்றால் இடைவெளி விட்டுப் போவதும் தேவையில்லை, வலி வந்தால் போய்க்கொள்ளலாம். எட்டு வாரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு தடவையும் எண் ஏறுகிறது என்றால் அப்பாவின் இடைவெளி எட்டு வாரம். ஆறு மாதம் ஒழுங்காகப் போயும் எண் இறங்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். எழுதி வைக்காமல் நினைவை நம்பினால், சிகிச்சை முடிந்த அன்று இருந்த சுகம்தான் நினைவில் நிற்கும்.

அமர்வு எப்படி நடக்கிறது என்பதையும் கூட இருந்து பாருங்கள். போன தடவைக்குப் பிறகு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டும். குனிந்து நிமிரச் சொல்லி, மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை நீட்டியபடி தூக்கி, எந்தக் கோணத்தில் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு சிகிச்சை. முடிந்ததும் அதே குனிதல், அதே கால் தூக்கல் மறுபடியும். முன்னைக்கு இப்போது வித்தியாசம் தெரிகிறதா என்று இப்படித்தான் தெரியும். கடைசியில் வீட்டுப் பயிற்சியைச் செய்து காட்டச் சொல்லித் திருத்த வேண்டும். இதற்கெல்லாம் இருபது நிமிடமாவது ஆகும். உள்ளே போனதும் படுக்க வைத்து நாலு இடத்தில் சொடுக்கெடுத்துவிட்டு "அடுத்த ஆள்" என்றால் அதற்குப் பராமரிப்பு என்று பெயர் வைக்க முடியாது. அன்றும் மறுநாளும் லேசான வலி, அசதி இருப்பது சகஜம், பாதிப் பேருக்காவது வரும். இரண்டு நாளில் தணியாவிட்டால் சொல்லுங்கள்.

இனி பட்டறை. எனக்கு இதில்தான் அதிக நம்பிக்கை. கண்ணி கோர்ப்பதும் பற்றவைப்பதும் தரையில் சம்மணம் போட்டு, தலையைத் தட்டின்மேல் கவிழ்த்துச் செய்யும் வேலை. சம்மணத்தில் உட்கார்ந்து முன்னால் சாயும்போது இடுப்பெலும்பு பின்னால் உருண்டு, கீழ் முதுகின் இயல்பான உள்வளைவு வெளிப்பக்கமாகத் திரும்பிவிடும். அப்படியே இருபது நிமிடம் போனால் தசைகள் வேலையை விட்டுவிட்டு, பாரம் முழுக்க தசைநார்கள்மேலும், முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டின் (டிஸ்க்) பின்விளிம்பின்மேலும் விழும். தசைநார் மெல்ல மெல்ல நீண்டு தளர்கிறது, எழுந்த உடனே பழைய நிலைக்கு வருவதும் இல்லை. உட்கார்ந்த வேலையிலிருந்து எழுந்து உடனே உருக்கு மூசையையோ தண்ணீர்க் குடத்தையோ தூக்கும்போது "பிடித்துக்கொண்டது" என்கிறார்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

செய்ய வேண்டியது: பிட்டத்துக்கு அடியில் மட்டும் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மணைப்பலகையோ மடித்த சாக்கோ வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி உட்கார வேண்டும். வேலைத் தட்டை உயர்த்தி அடிநெஞ்சு மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அரை மணிக்கு ஒருதரம் எழுந்து, இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிப் பின்னால் ஐந்து முறை வளைந்து, ஒரு நிமிடம் நின்ற பிறகுதான் எதையும் தூக்க வேண்டும். காலையில் எழுந்த முதல் ஒரு மணி நேரம் முழுக்கக் குனிந்து செய்யும் வேலை வேண்டாம். ராத்திரி முழுக்கப் படுத்ததில் வட்டுகள் நீர் ஏறி உப்பியிருக்கும், அப்போது குனிந்தால் அழுத்தம் கூடும்.

அப்பாவுக்குக் கண்ணாடி இருக்கிறதா? 52 வயதில் வெள்ளெழுத்து இல்லாதவர் அபூர்வம். கண்ணிக்குப் பற்றவைக்கும் பொடி வைப்பது கண்ணுக்குத் தெரியாததால்தான் பலர் முகத்தைத் தட்டுக்கு ஒரு சாண் தூரத்துக்குக் கொண்டுபோகிறார்கள், முதுகும் கூடவே வளைகிறது. நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கண்ணுக்கும் தட்டுக்கும் உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, அந்த தூரத்துக்குத் தனிக் கண்ணாடி போடச் சொல்லுங்கள். இரட்டைப் பார்வைக் கண்ணாடி (பைஃபோகல்) இந்த வேலைக்கு ஆகாது, கழுத்தை அண்ணாந்து பார்க்க வைக்கும். விளக்கையும் தலைக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தட்டின் பக்கவாட்டில் வைத்துவிட்டால், நிழல் விழாமல் வேலை தெரியும்.

பயிற்சிக்கு நாலு போதும். குப்புறப் படுத்துக் கைகளை ஊன்றி, இடுப்பு தரையில் இருக்க மார்பை மட்டும் தூக்குவது 10 முறை. மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்கி 5 விநாடி நிறுத்துவது, பத்துப் பத்தாக இரண்டு சுற்று. முட்டிபோட்டுக் கையூன்றி, வலக்கையும் இடக்காலும் நீட்டி 8 விநாடி, பிறகு மறுபக்கம், பக்கத்துக்கு ஆறு முறை. ஒருக்களித்துப் படுத்து, மடக்கிய முழங்காலும் முழங்கையும் ஊன்றி இடுப்பைத் தூக்கி 10 விநாடி, பக்கத்துக்கு ஐந்து. கால்வலியும் இருந்தால் ஒரு விதி: பயிற்சியின்போது வலி தொடையிலிருந்து கெண்டைக்கால், பாதம் என்று கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை நிறுத்த வேண்டும். காலை விட்டுப் பின்வாங்கி இடுப்பில் சேர்ந்தால், இடுப்பு கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும் அது நல்ல அறிகுறி.

நடையை லேசாக எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து நடத்தி 2024-இல் வெளியிட்ட ஆய்வில், வலி தீர்ந்தவர்களைப் படிப்படியாக வாரம் ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிட நடைக்குக் கொண்டுவந்தார்கள், கூடவே முதுகைப் பற்றிய விளக்கமும் கொடுத்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. ஒன்றும் செய்யாமல் விட்டவர்களுக்கு 112 நாள். காலையில் நடப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை. 10 நிமிடம், வாரம் மூன்று நாள் என்று தொடங்கி, ஆறு மாதத்துக்குள் அந்த 30 நிமிடத்துக்கு வந்தால் போதும், அவசரம் வேண்டாம்.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தப் பக்கமே நிற்கிறது. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனநல வழிகள், இவற்றோடு சேர்த்து முதுகெலும்புக் கைமுறைச் சிகிச்சையும் மசாஜும் செய்யலாம் என்கிறது. இடுப்பு பெல்ட்டும் இழுவைச் சிகிச்சையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. நம் ஊரில் இந்த இரண்டும்தான் முதலில் வந்துவிடுகின்றன.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏற்காட்டிலிருந்து காபித் தோட்ட வேலைக்காரர்கள் இந்தச் சிகிச்சைக்காக 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி மாதாமாதம் சேலம் வந்து போகத் தேவையில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து பயிற்சியைத் திருத்திக்கொண்டு போனாலே நல்லது. அறுவடை நாட்களில் சரிவில் இறங்கும்போது ஒரே மூட்டையாகச் சுமக்காமல் இரண்டு நடையாகப் பிரிப்பது அதைவிட உதவும். சங்ககிரி லாரி ஓட்டுநர்களுக்கு எதிரி அதிர்வு. வண்டியை நிறுத்தியதும் குதித்து இறங்கித் தார்ப்பாய் இழுக்கக் கூடாது, இரண்டு நிமிடம் நடந்த பிறகு செய்யட்டும்.

இப்போது ஆபத்தான இடங்கள். சிறுநீர் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, உட்காரும் இடத்தில் மரத்துப்போவது, இரண்டு காலும் பலம் இழப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் அன்றைக்கே பெரிய மருத்துவமனை. எந்தச் சொடுக்கும் கூடாது. வாரம் ஒருமுறை அப்பாவைக் குதிகாலில் பத்து அடி, முன்பாதத்தில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் பாதம் தொங்கினாலோ எழும்பாவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், ராத்திரி வியர்வை, படுத்தாலும் விடாத வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும். நம் நாட்டில் அது அபூர்வமில்லை, கரைந்த எலும்பின்மேல் அழுத்தினால் நொறுங்கிவிடும். எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமான வயதான பெண்கள், இளைப்புக்கு நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள், புற்றுநோய் வந்து போனவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு வேகமாகத் தள்ளிச் சொடுக்கெடுக்கும் சிகிச்சை வேண்டாம்.

கழுத்து தனி விஷயம். அப்பாவின் பிரச்சினை இடுப்பு, கழுத்தைத் திருகச் சம்மதிக்க வேண்டாம். சலூனில் முடி வெட்டிய கையோடு கழுத்தை நெட்டி முறிப்பதும் இதே ரகம்தான், வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிடச் சொல்லுங்கள். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி கழுத்தெலும்பின் துளைகள் வழியாக ஏறுகிறது, அதன் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் வந்தால் திரும்பப் பெற முடியாத இழப்பு. கழுத்தில் கை வைத்த பிறகு, இதற்கு முன் வராத மாதிரி தலைவலியோ கழுத்துவலியோ, தலைசுற்றல், இரட்டையாகத் தெரிதல், பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, தள்ளாட்டம் வந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம்.

யாரிடம் போகிறீர்கள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கென்று சட்டப்படியான பதிவு மன்றம் இல்லை, பலகை மாட்ட யாரும் தடுக்க மாட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2005-இல் சொன்ன அளவு நான்கு வருட முழுநேரப் படிப்பு, 4,200 மணி நேரம், அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையோடு நோயாளிகளைப் பார்க்கும் பயிற்சி. எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்பது மரியாதைக் குறைவில்லை. வார இறுதி வகுப்புச் சான்றிதழ் என்றால் வேறிடம் பாருங்கள். கைமுறைச் சிகிச்சையில் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட்டும் இதே வேலையைச் செய்வார். "விலகியிருக்கிறதா பார்க்க" மாதாமாதம் எக்ஸ்ரே கேட்டால் மறுத்துவிடுங்கள். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளில்கூட 20 வயதினரில் 30 சதவீதம், 80 வயதினரில் 84 சதவீதம் பேருக்கு வட்டு வீங்கியிருந்தது. 52 வயதில் படத்தில் ஏதாவது தெரியத்தான் செய்யும்.

முன்பணம் ஏற்கெனவே கட்டியிருந்தால், அந்த அமர்வுகளை ஒரே வருடத்தில் தீர்க்காமல் இரண்டு வருடத்துக்குப் பரப்பிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். இன்னும் கட்டவில்லை என்றால், "வரும்போது வரும்போது கொடுக்கிறோம், அடுத்தது ஆறு வாரம் கழித்து" என்று சொன்னால் போதும். செலவு கட்டுப்படியாகாவிட்டால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் காட்டலாம். போகும்போது பழைய எம்.ஆர்.ஐ., அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு, அந்தக் காலண்டர் தாள்கள் மூன்றையும் எடுத்துப் போங்கள். படத்தைவிட முதலில் தாள்களைக் காட்டுங்கள்.